கத்திரிக்கு முன்னும் பின்னும்: மே வெஸ்ட்டின் ஐந்து படத் தொகுப்பு

இரண்டு வட்டு, ஐந்து படம். 2006-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'மே வெஸ்ட்: த கிளாமர் கலெக்‌ஷன்' என்ற டிவிடி தொகுப்பு இது. அட்டையில் கிளாமர் என்று போட்டிருக்கிறார்களே தவிர, உள்ளே இருப்பது அதைவிட சுவாரசியமான சமாச்சாரம். ஒரு நகைச்சுவை நடிகையைத் தணிக்கை எட்டு வருஷத்தில் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தது என்பதை ஆண்டு வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். தொகுத்தவர்கள் அந்த எண்ணத்தில் தொகுத்ததாகத் தெரியவில்லை. படங்கள் வந்த ஆண்டுகள் தற்செயலாக அப்படி அமைந்துவிட்டன: 1932, 1933, 1935, 1936, 1940. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 1934 ஜூலை. ஹாலிவுட்டில் கத்திரிக்குச் சாணை பிடித்த மாதம் அது.

எனக்குப் பிழைப்பு படத்தொகுப்பு. எந்தப் படம் போட்டாலும் கதையைப் பார்க்கும் முன் வெட்டு எங்கே விழுகிறது என்றுதான் கண் போகும். இந்த ஐந்து படங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். கதை முக்கியம் என்பவர்களுக்கு இந்த விமர்சனம் கொஞ்சம் கோணலாகப் படலாம்.

முதல் படம் 'நைட் ஆஃப்டர் நைட்', 1932. மே வெஸ்ட்டுக்கு அப்போது 39 வயது. சினிமாவில் கதாநாயகிகள் ஓய்வு பெறும் வயதில் இவர் அறிமுகமாகிறார். அதற்கு முன் நியூயார்க் மேடையில் போதுமான அளவு ரகளை செய்துவிட்டுத்தான் வந்தார். 1926-ல் தானே எழுதி நடித்த நாடகத்துக்கு 'செக்ஸ்' என்றே பெயர் வைத்தார். மாதக்கணக்கில் ஓடிய பிறகு 1927 பிப்ரவரியில் போலீஸ் புகுந்து கைது செய்தது. பத்து நாள் சிறை, 500 டாலர் அபராதம். நன்னடத்தைக்காக இரண்டு நாள் குறைத்து எட்டாம் நாளே விட்டுவிட்டார்கள். சிறையில் பட்டு உள்ளாடை போட்டுக்கொண்டிருந்தேன் என்று வெளியே வந்து பீற்றிக்கொண்டார். விளம்பரத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

சரி, படத்துக்கு வருவோம். கதாநாயகன் ஜார்ஜ் ராஃப்ட், மதுவிலக்குக் காலத்தில் திருட்டுச் சாராய விடுதி நடத்துபவர். நாகரிகம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஒரு வயதான டீச்சரம்மாவை வைத்துப் பாடம் படிக்கிறார். பாதிப் படம் நெருங்கும்வரை மே வெஸ்ட்டைக் காணோம். அதுவரை வேகமாகத் தள்ளிவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. அப்புறம் விடுதிக் கதவு திறக்கிறது. கோட்டு வாங்கி வைக்கும் பெண் அவர் நகையைப் பார்த்து, "கடவுளே, என்ன அழகான வைரம்!" என்கிறாள். "இதில் கடவுளுக்கு ஒரு பங்கும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறுகிறார்.

இந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வசனம் முடிந்ததும் வெட்டிவிடுவதுதான் வழக்கம். இங்கே கேமரா வெட்டாமல் அவர் படியேறுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தியேட்டரில் சிரிப்பு எழுந்து அடங்க நேரம் வேண்டும், அதனால் நான் படியேறுவதைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று அவர்தான் சண்டை போட்டு வாங்கினார். மேடையில் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்து கூட்டத்தின் சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்று அளந்து வைத்திருந்த ஆளுக்குத்தான் அது தெரியும். வசனத்தின் பாதி வேலையை அந்த முதுகும் இடுப்பும் செய்கின்றன. கேமராவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திருடிக்கொண்டு போய்விட்டார் என்று ராஃப்ட் பின்னால் சொன்னது பொறாமையாக இருக்கலாம், ஆனால் பொய் இல்லை.

அதே படத்தில் அந்த டீச்சரம்மாவும் இவரும் இரவெல்லாம் குடித்துவிட்டு மறுநாள் ஒரே கட்டிலில் தலைவலியோடு எழுந்திருக்கும் காட்சி உண்டு. என்னோடு வந்து வேலை செய்யேன் என்று மே வெஸ்ட் கூப்பிட, டீச்சரம்மா அது என்ன மாதிரித் தொழிலோ என்று மிரள்கிறார். கடைசியில் பார்த்தால் அழகு நிலையங்கள். தப்பாக நினைத்தது டீச்சரம்மா, கூடவே நாமும். திரையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. தணிக்கைக்காரர்களுக்கு இவர் ஏன் தலைவலியானார் என்பது இந்தக் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. எதை வெட்டுவது?

இங்கே தொகுப்பின் பெரிய ஓட்டை. அடுத்து இருந்திருக்க வேண்டியது 1933 தொடக்கத்தில் வந்த 'ஷி டன் ஹிம் ராங்'. மொத்தம் 66 நிமிடம். ஆஸ்கரில் சிறந்த படத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டவற்றில் இன்றுவரை மிகக் குறைந்த நீளமுள்ள படம் அதுதான். அவருடைய 'டயமண்ட் லில்' நாடகம்தான் மூலம். அந்த நாடகத்தின் பெயரையே விளம்பரத்தில் சொல்லக் கூடாது, நாயகியின் பெயரையும் மாற்ற வேண்டும் என்று தணிக்கை அலுவலகம் பிடிவாதம் பிடித்ததால் லில் என்பவள் லூ ஆனாள். அந்த வருஷம் பாரமவுண்ட் திவால் நடவடிக்கையில் சிக்கிக் கிடந்தது. அந்த ஸ்டூடியோவைத் தூக்கி நிறுத்தியதில் இந்தப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் பெரிய பங்கு உண்டு. மே வெஸ்ட் பெயரில் ஒரு தொகுப்பு போட்டுவிட்டு அந்த ஒரு படத்தை வெளியே விட்டது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை.

இருப்பதில் உச்சம் 'ஐ'ம் நோ ஏஞ்சல்', அதே 1933. கதை, திரைக்கதை, வசனம் எல்லாமே மே வெஸ்ட். சர்க்கஸ் கூடாரத்தில் ஆடிப் பாடிக் கூட்டம் சேர்க்கும் டீரா என்ற பெண், சிங்கத்தின் வாயில் தலையைக் கொடுத்துப் புகழ் பெற்று நியூயார்க் பணக்காரர் வட்டாரத்துக்குள் நுழைகிறாள். முதல் காட்சியிலேயே மேடை ஓரம் நிற்கும் ஆண்களைப் பார்த்து இடுப்பை அசைத்து, அவர்கள் வாயைப் பிளந்ததும் திரும்பி நடந்துகொண்டே, "ஏமாந்த பயல்கள்" என்று உதட்டுக்குள் முணுமுணுக்கிறாள். அந்த முணுமுணுப்பு நமக்கு மட்டும்தான் கேட்கிறது. ஆண்கள் பார்ப்பதற்கென்று நிறுத்தப்பட்ட பெண், ஆண்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். நம்மையும் அந்தச் சிரிப்பில் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறாள்.

நீதிமன்றக் காட்சியைத் தவறவிடாதீர்கள். கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கிய கேரி கிராண்ட் மீது டீரா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுகிறாள். எதிர்த்தரப்பு அவளுடைய பழைய ஆண்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றுகிறது, அவள் மானத்தை வாங்குவதற்காக. வக்கீலை உட்கார வைத்துவிட்டு அவளே எழுந்து குறுக்கு விசாரணை செய்கிறாள். நடந்து நடந்து, நடுவில் ஜூரியைப் பார்த்து ஒரு கண் சிமிட்டல், நீதிபதியிடம் ஒரு குழைவு. தொகுப்பாளராகச் சொல்கிறேன், இந்தக் காட்சியில் எதிர்வினை ஷாட்டுகள் கச்சிதம். கேள்வி, சாட்சியின் முகம், ஜூரி, மறுபடி அவள். வழக்கிலும் ஜெயிக்கிறாள், ஆளையும் ஜெயிக்கிறாள். வந்த காசோலையைக் கிழித்தும் போடுகிறாள். எந்த இடத்திலும் படம் அவளைத் தண்டிக்கவில்லை, திருத்தவும் இல்லை. பல ஆண்களோடு பழகிய பெண் கடைசியில் சந்தோஷமாக இருக்கிறாள் என்பதுதான் அன்றைக்குப் பலருக்குப் பொறுக்கவில்லை. கெட்ட வார்த்தை என்று ஒன்றுகூட இந்தப் படத்தில் கிடையாது.

இதிலும் கத்திரி கொஞ்சம் விளையாடியிருக்கிறது. டல்லாஸ்காரனைப் பற்றிய பாட்டில் 'அவன் செய்கிற மாதிரி யாரும் செய்ய மாட்டார்கள்' என்று இருந்த அடி, 'அவன் மாதிரி யாரும் என்னைக் காதலிக்கவில்லை' என்று ஆனது. அதைப் பாடும்போது அவர் கண்ணைப் பாருங்கள். மாற்றிய அடியை மாற்றாத அர்த்தத்திலேயே பாடுகிறார். என் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "இதுல என்னடா தப்பு இருக்கு? ஒண்ணுமே சொல்லலையே" என்றாள். அதேதான். தணிக்கை அலுவலகத்துக்குப் போனது தட்டச்சு செய்த தாள். தாளில் குரல் இல்லை, அந்த இழுவை இல்லை, மூக்கால் விடும் 'உம்ம்ம்' இல்லை. பெரிதாக எதையாவது வேண்டுமென்றே எழுதி அனுப்புவேன், அவர்கள் அதை வெட்டிவிட்டுத் திருப்தியாகிவிடுவார்கள், எனக்கு வேண்டியது தங்கிவிடும் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

இந்தப் படத்தில் எனக்கு நெருடுவது வேறு. டீராவின் பணிப்பெண்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். பியூலாவாக வரும் கெர்ட்ரூட் ஹோவர்டும் மே வெஸ்ட்டும் பேசிச் சிரிக்கும் இடங்களில் உண்மையான தோழமை தெரிகிறது. இருந்தாலும் அந்தப் பெண்களுக்குத் தலைவாரி விடுவதையும் திராட்சை உரித்துத் தருவதையும் தாண்டிய வாழ்க்கை எதையும் படம் தரவில்லை. ஹாலிவுட்டின் தணிக்கை விதிப் புத்தகம் வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைத் திரையில் காட்டக் கூடாது என்று தடுத்தது. கறுப்பரை எப்போதும் வேலைக்காரராகவே காட்டுவதில் அதற்கு ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை.

விதிப் புத்தகம் என்று சொன்னேனே, அதைப் பற்றிக் கொஞ்சம். சினிமா என்பது வெறும் வியாபாரம், அதற்குப் பேச்சுச் சுதந்திரம் கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915-லேயே சொல்லிவிட்டது. நியூயார்க், பென்சில்வேனியா, ஒஹாயோ என்று பல மாநிலங்கள் தனித்தனியாக வாரியம் வைத்து வெட்டிக்கொண்டிருந்தன. அதற்குப் பயந்து ஸ்டூடியோக்கள் 1922-ல் வில் ஹேஸ் என்பவரைத் தலைவராகப் போட்டுத் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு என்று கிளம்பின. 1930-ல் எழுத்தில் விதி வந்தது. அதை எழுதியவர்கள் டேனியல் லார்ட் என்ற பாதிரியாரும் மார்ட்டின் குவிக்லி என்ற பத்திரிகை அதிபரும். நாலு வருஷம் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பிறகு கத்தோலிக்க ஆயர்கள் ஒழுக்கப் படை ஒன்றைத் தொடங்கி, ஆபாசப் படங்களைப் புறக்கணிக்கும்படி மக்களிடம் உறுதிமொழி வாங்க ஆரம்பித்ததும் ஸ்டூடியோக்களுக்கு வியர்த்தது. 1934 ஜூலையிலிருந்து தணிக்கைத் தலைவர் ஜோசப் ப்ரீன் அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் படம் வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். மே வெஸ்ட் ஒருவரால்தான் இந்தக் கெடுபிடி வந்தது என்பார்கள். அது மிகை, அவர் காரணங்களில் ஒருவர். ஆனால் அவருடைய 1933 படங்களை மறுபடி வெளியிட ஸ்டூடியோ கேட்டபோது ப்ரீன் முத்திரை தர மறுத்ததைப் பார்த்தால், மே வெஸ்ட் பெயரைக் கேட்டாலே அந்த அலுவலகத்தில் என்ன நிலைமை என்று ஊகிக்கலாம்.

அந்தத் திருப்பத்தில் நேரடியாக மாட்டிய 'பெல் ஆஃப் த நைன்டீஸ்' (1934) இந்தத் தொகுப்பில் இல்லை. படம் முடிந்த பிறகு பெயரையும் மாற்றி, கடைசியில் ஒரு கல்யாணத்தையும் ஒட்டவைத்த படம் அது. டியூக் எலிங்டனின் வாத்தியக் குழுவை அவர் அடம்பிடித்துக் கொண்டுவந்த படமும் அதுதான். அதையும் தேடிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே வட்டில் நேராக 'கோயின் டு டவுன்', 1935-க்கு வருகிறோம். எண்ணெய்க் கிணறு சொத்தாகக் கிடைத்த நடன விடுதிப் பாடகி, ஓர் ஆங்கிலேயரைக் கவர மேல்தட்டுச் சீமாட்டியாக மாறப் பார்க்கிறாள். வித்தியாசம் உடனே தெரியும். படம் முழுக்கக் கல்யாணப் பேச்சு. ஒரு நிச்சயம், இரண்டு கல்யாணம். முந்தைய படத்தில் டீராவுக்கு ஆண்கள் வந்து போனார்கள். இதில் ஒவ்வொருவருக்கும் முறைப்படி கணக்கு முடித்துத்தான் அடுத்தவரிடம் போகிறாள். அப்படியும் மிச்சம் இருக்கிறது. சாம்சன்-டிலைலா ஓபராவில், சாம்சனின் முடியை வெட்டி அவன் பலத்தைப் பறித்த பைபிள் கதைப் பெண் டிலைலாவாகத் தானே பாடுவதற்கு முன், முடி வெட்டும் தொழிலில் முன்னுக்கு வந்த ஒரே பெண் அவள்தான் என்று ஒரு போடு போடுகிறார். பாட்டையும் கேலிக்காகப் பாடாமல் ஒழுங்காகவே பாட முயல்கிறார், அதுதான் வேடிக்கை. ஐந்தில் எனக்கு இரண்டாவதாகப் பிடித்தது இந்தப் படம்.

'கோ வெஸ்ட் யங் மேன்', 1936. முன்பே மேடையேறிய வேறொருவரின் நாடகம் மூலம், திரைக்கதை மட்டும் இவருடையது. ஒரு சினிமா நட்சத்திரம் பயணத்தில் கார் பழுதாகிக் கிராமத்து விடுதியில் தங்குகிறாள். அங்கே மெக்கானிக்காக வாட்டசாட்டமான ராண்டால்ஃப் ஸ்காட். கல்யாணம் கூடாது என்று ஸ்டூடியோ ஒப்பந்தம் போட்டிருப்பதால் விளம்பர மேலாளர் ஒருவன் நிழல் மாதிரித் தொடர்ந்து வந்து, அவள் எந்த ஆணை நெருங்கினாலும் நடுவில் புகுந்து கெடுக்கிறான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மேலாளர் செய்வது அப்படியே ப்ரீன் அலுவலகத்தின் வேலை! ஒவ்வொரு காட்சியும் சூடு பிடிக்கும் நேரம் பார்த்துக் கதவு திறக்கிறது. வேண்டுமென்றே வைத்ததா, மூல நாடகத்திலேயே இருந்தது வசதியாகப் போனதா, தெரியாது. அந்த ஒரு குறும்பைத் தவிர படம் சுமார்தான். இவர் பேச்சைவிட உடை அதிகம் பேசுகிறது.

1936-க்கும் 1940-க்கும் இடையில் தொகுப்பில் எதுவும் இல்லை. அந்த இடைவெளியில் நடந்தது சினிமாவைவிடச் சுவையானது. 1937 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு, என்பிசி வானொலியில் ஆதாம் ஏவாள் கதையைக் கேலி நாடகமாக நடித்தார். இவர் ஏவாள், டான் அமீச்சி ஆதாம். எழுதியது வேறொருவர், ஒலிபரப்புக்கு முன் அனுமதியும் வாங்கிய பிரதி. ஆனால் அவர் அதைப் பேசிய விதத்தில் நாடே கொதித்தது. அரசின் தகவல் தொடர்பு ஆணையம் கண்டனம் தெரிவித்தது. என்பிசி தன் நிலையங்களில் அவர் பெயரைச் சொல்வதையே தடை செய்தது. மறுபடி அவர் வானொலியில் பேசியது 1950-ல். தாளில் பிடிபடாதது குரலில் பிடிபட்டதும், குரலையே நிறுத்திவிட்டார்கள்.

கடைசிப் படம் 'மை லிட்டில் சிக்கடீ', 1940. குடியும் குசும்புமான டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸோடு ஜோடி. விளம்பரத்தில் இரண்டு சிங்கம். திரையில் இரண்டு பேரும் ஒரே காட்சியில் இருக்கும் நேரம் குறைவு, இருக்கும்போதும் ஆளுக்கொரு படத்தில் நடிக்கிற மாதிரி இருக்கிறது. முதலிரவில் மே வெஸ்ட் கட்டிலில் தன் இடத்தில் ஆட்டைப் படுக்க வைத்துவிட்டு நழுவும் காட்சியில் மொத்தச் சிரிப்பும் ஃபீல்ட்ஸுக்குப் போகிறது. மே வெஸ்ட்டுக்கு மிஞ்சுவது பள்ளிக்கூடக் காட்சி. முரட்டுப் பையன்களுக்குப் பாடம் எடுக்க வந்து, கரும்பலகையில் 'நான் நல்ல பையன், நான் நல்ல பெண்' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, இது என்ன பிரச்சாரமா என்று கேட்கிறார். ஆறு வருஷக் கடுப்பு முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. நீதிமன்றத்தில், என்னை அவமதிக்கிறாயா என்று நீதிபதி கேட்க, இல்லை, அதை மறைக்கத்தான் பாடுபடுகிறேன் என்கிற பதிலும் இதில்தான். இந்த இரண்டுக்காகப் பார்க்கலாம்.

தரத்தைப் பற்றி. டிவிடி என்பதால் 480 வரிதான், பெரிய திரையில் போட்டால் மங்கல் தெரியும். அவருடைய படங்கள் 2021-ல் ப்ளூ-ரேயில் ஒவ்வொன்றாக வந்தன. படம் பளிச்சென்று வேண்டும் என்பவர்கள் அங்கே போகலாம். எனக்கு ஐந்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கும் வசதிதான் முக்கியமாகப் பட்டது. தனித்தனியாகப் பார்த்தால் 1936 படம் வெறும் சுமாரான படம். 1933-க்குப் பிறகு பார்த்தால் எது போயிற்று என்று விரல் வைத்துக் காட்டலாம்.

வாங்குவதென்றால் 'ஷி டன் ஹிம் ராங்' தனி வட்டையும் சேர்த்தே வாங்குங்கள். முதல் படத்துக்கும் 'ஐ'ம் நோ ஏஞ்சலு'க்கும் நடுவில் அதைப் போடுங்கள். நேரம் இல்லை என்பவர்கள் 'கோ வெஸ்ட்'டை விட்டுவிட்டு அந்த 66 நிமிடத்தைப் பார்த்தால் போதும்.